பதினான்காம் கேள்விக்கு விடை

மயிலாப்பூர்,
9 ஜூன் 1991

சிரஞ்சீவி ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அக்கா நீரஜாவின் ஆசீர்வாதம்.

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். அங்கே நீயும் ஸஹானாவும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை ஷ்ரேயாவுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், நின்றதா?

அம்மாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். அம்மா நம்பவில்லை. கட்டிலை விட்டு இறங்க ஒரு தோள் வேண்டியிருக்கிறது. நான் கல்லூரியில் இருக்கும் நேரத்தில் அந்தத் தோள் மாடியிலிருந்து இறங்கி வருகிறது. மாடியில் குடியிருக்கும் தவமலரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரி. போன புரட்டாசியில் பதினோரு வயதுப் பெண் தர்ஷினியோடு படகில் வந்து இறங்கி, முகாமுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தவள். கல்லூரி சிநேகிதி ஒருத்தி மூலம் நம் முகவரி அவர்களுக்கு முன்பே போயிருந்தது. கணவர் கனகரத்தினம் அடுத்த படகில் வருவதாகச் சொல்லித் தங்கினாராம். ஒன்பது மாதமாக ஒரு தகவலும் இல்லை. எழுதினாலும் வந்தாலும் இந்த முகவரிக்குத்தான் என்று, தபால்காரர் மணி கேட்டால் அவள் பாதிப் படி வரை இறங்கி நிற்கிறாள்.

அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. முதல் மூன்று மாதம் அவளைச் சமையலறை வாசல் தாண்ட விடவில்லை. இப்போது குளிப்பாட்டி விடுவதே அவள்தான். "நீ தூக்கினா உயிர் போறது, அவ கை பட்டா வலியே தெரியலைடி" என்கிறாள் என்னிடம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு தெரு மாறிவிட்டது. தண்ணீர் லாரி வராததற்கு சிலோன்காரர்கள் காரணம், வாடகை ஏறியதற்கும் அவர்கள் காரணம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எதிர்வீட்டு சுயம்புலிங்கம், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காததையும் அவர்கள் கணக்கில்தான் எழுதுகிறார். தெருவில் இருப்பது இரண்டே குடும்பம், இரண்டு குடும்பம் எவ்வளவு தண்ணீர் குடித்துவிடும் என்று கேட்டேன். "நீங்க புள்ளிவிவரம் பேசுவிய டீச்சர், நான் ஊர் நெலவரம் பேசுதேன்" என்றார். இஸ்திரி வண்டிக் கபாலிதான் சரியாகச் சொன்னான்: "நான் பொறக்கசொல்லவே வாடக ஏறிகினுதான் இருந்திச்சிம்மா. அப்போ எந்த சிலோன்காரன் இருந்தான்?"

இப்போது போலீஸ் அறிவிப்பு வந்திருக்கிறது. இலங்கைக்காரர்கள் எல்லோரும் ஸ்டேஷனில் பதிவு செய்துகொள்ள வேண்டும், வீட்டுக்காரர்கள் உறுதி சொல்ல வேண்டும். ஜூலை ஐந்து வரை அவகாசம். தவமலர் இதுவரை எங்கேயும் பேர் கொடுக்கவில்லை, பயப்படுகிறாள். ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டால் பயத்துக்கே இடமில்லை என்பது என் அபிப்பிராயம். வீடு உன் பேரிலும் இருப்பதால் உன்னையும் கேட்கிறேன். உடனே பதில் போடு.

இன்னொன்று. உறையின் மேல் வெறும் தபால் பெட்டி எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது என்ன பழக்கம்? பேரும் முழு முகவரியும் எழுதக் கற்றுக்கொள். நீ என்ன தலைமறைவாகவா இருக்கிறாய்?

அன்புடன்,
நீரஜா


லாஸ் ஏஞ்சல்ஸ்,
24 ஜூன் 1991

அன்புள்ள அக்காவுக்கு கிருஷ்ணா அநேக நமஸ்காரம். அம்மாவுக்கும் சொல்லவும்.

நாங்கள் மூவரும் நலம். ஷ்ரேயாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. வந்த கையோடு எழுதுகிறேன். தவமலரின் பேரை எழுதிக் கொடுக்காதே. கல்லூரியில் பரீட்சை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போடு. முடியாவிட்டால் வேறு ஊரில் தெரிந்தவர்கள் வீட்டில் கொஞ்ச நாள் விட்டு வை. ஒரு பட்டியல் எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படும் என்று நினைக்காதே அக்கா.

என்னோடு வேலை செய்யும் ஒருவன் இருக்கிறான். பேர் வேண்டாம். படிக்க வந்தவன். படிப்பு பாதியில் நின்றது, விசா முடிந்தது, அப்படியே தங்கிவிட்டான். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவன் குடியிருக்கும் கட்டடத்தில் குழாய் ரிப்பேர் என்று சொல்லி, வீட்டுக்கு எத்தனை பேர், எங்கே வேலை என்று ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள். ஒரு மாதம் கழித்து அதே தாளை வைத்துக்கொண்டு அவன் வேலை செய்யும் இடத்துக்கு இமிகிரேஷன் ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேரை அழைத்துப் போனார்கள். அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவன் வேலைக்குப் போகாததால் தப்பினான்.

போன் செய்யலாமா என்று பார்த்தேன். சுயம்புலிங்கம் வீட்டுக் கூடத்தில் நின்றுதான் நீ பேச வேண்டும். இதை அங்கே பேச முடியாது. அதனால் இந்தக் கடிதத்தையே நம்பியிருக்கிறேன்.

உன்,
கிருஷ்ணா


மயிலாப்பூர்,
12 ஜூலை 1991

சிரஞ்சீவி கிருஷ்ணாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம், உங்கள் சௌக்கியம் அறிய ஆவல்.

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. மூன்றாம் தேதியே நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய் வந்துவிட்டோம். இனி அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்றாலும், நீ இவ்வளவு பதறியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். தவமலருக்குப் போடவில்லை. நானும் உட்கார்ந்துகொண்டேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பதினாறு கேள்விகள். அவள் சொல்லச் சொல்ல நான் பதினாறுக்கும் எழுதினேன். எழுதி முடித்ததும் ரைட்டர் வாங்கிப் பார்த்து, "இவ்ளோ நீட்டா ஒர்த்தரும் எழுதித் தரலை மேடம்" என்றார். கல்லூரியில் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுதானே, கேட்டதற்கு மட்டும் விடை எழுது, வளவளவென்று எழுதாதே என்று.

திரும்பி வரும் வழியில் குளத்தங்கரைக்கு வந்ததும் தவமலர், "ரீச்சர், இனி இவர் வந்தால் இவரையும் இப்பிடிப் பதிய வேணுமோ?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன் சிநேகிதன் விஷயத்தில் எனக்கு அனுதாபம் குறைவு. விசா முடிந்தால் திரும்பி வர வேண்டும். படிக்க இடம் கொடுத்தவர்களை ஏமாற்றிவிட்டுத் தங்கியவன், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று குறைப்படுவதில் என்ன நியாயம்? தவமலர் உயிருக்குப் பயந்து வந்தவள். இவன் எதற்குப் பயந்து தங்கினான்? படிப்பை முடிக்காமல் ஊரில் நாலு பேர் முகத்தில் விழிக்கவா? அப்படிப்பட்டவர்களால்தான் உன்னைப் போல ஒழுங்காக கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கும் கெட்ட பேர். சேர்க்கையில் கவனமாக இரு. அம்மா கபாலி வரைக்கும் எல்லோரிடமும் "என் பிள்ளைக்கு கிரீன் கார்டு வந்துடுத்து" என்று சொல்லிவிட்டாள். கபாலி அது ரேஷன் கார்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரை எவ்வளவு தருவார்கள் என்று கேட்கிறான்.

அன்புடன்,
நீரஜா


லாஸ் ஏஞ்சல்ஸ்,
21 செப்டம்பர் 1991

அக்காவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். நாங்கள் சுகம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீடு மாற்றினோம். புதுப் பெட்டி எண் உறையின் மேல் இருக்கிறது. வேலையும் மாறிவிட்டது, பழைய கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். இங்கே இப்போது நிறையப் பேருக்கு வேலை இல்லை. டிவியைத் திறந்தால் யாராவது ஒருவர் வந்து, ஆஸ்பத்திரியில் கூட்டம், பள்ளிக்கூடத்தில் கூட்டம், எல்லாவற்றுக்கும் அந்நியர்கள்தான் காரணம் என்று சொல்கிறார். கேட்டால் நம் தெரு மாதிரியே இருக்கிறது. தண்ணீர் லாரி மட்டும்தான் இல்லை.

அம்மா நடக்கிறாளா? தவமலர் எப்படி இருக்கிறாள்? அவள் கணவரிடமிருந்து ஏதாவது?

உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் தனியாக ஒன்றும் எழுதவில்லை. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை.

கிருஷ்ணா


மயிலாப்பூர்,
20 அக்டோபர் 1991

சிரஞ்சீவி கிருஷ்ணாவுக்கு ஆசீர்வாதம். தீபாவளிக்கு முன் இன்னொரு கடிதம் உன் கைக்கு வராது. அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன், குழந்தைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள். நாங்கள் சௌக்கியம்.

இரண்டரை மாதம் கழித்து அரைப் பக்கம். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது நடுநடுவே நானாகச் சில வரிகள் சேர்த்தேன். அம்மா கெட்டிக்காரி. "கிருஷ்ணா இப்படியெல்லாம் எழுத மாட்டானே" என்றாள்.

இந்த வருஷம் தை மாதம் அப்பாவின் திதிக்கு நீ வர வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள். ஆறு வருஷமாகச் சித்தப்பா பிள்ளை பரத்வாஜ்தான் உட்கார்ந்து செய்கிறான். "பெத்த பிள்ளை இருக்கச்சே அடுத்தவாத்துப் பிள்ளை எள்ளும் தண்ணியும் விடறதாவது" என்கிறாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். அவள் கேட்பது உன்னைப் பார்க்க. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் கோயிலுக்குப் போய் வந்த ஒரு பெண்ணின் சங்கிலியை சைக்கிளில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று மாலையே சுயம்புலிங்கம் நாலு பேரோடு வந்து, மாடியைக் காலி செய்யச் சொல்லிவிடுங்கள் என்றார். சங்கிலி அறுத்தவன் ஆண், மாடியில் இருப்பது ஒரு பெண்ணும் குழந்தையும் என்றேன். வாசல்வரை கேட்கும்படி அம்மா உள்ளேயிருந்தே பேசினாள்: "சுயம்புலிங்கம், நீர் முதல்ல மெட்ராஸுக்கு வந்தப்போ எங்காத்துக்காரர்தான் உமக்கு வீடு பிடிச்சுத் தந்தார். அப்பவும் நாலு பேர் வந்து, தெற்கத்தி ஆள், நம்பாதேள்னு சொன்னா." வந்த நாலு பேரோடு அவர் திரும்பிப் போய்விட்டார்.

ஸ்டேஷனிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு கான்ஸ்டபிள் காலையில் வந்து ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகிறார். இதில் எனக்குக் குறையில்லை. இரண்டாவது சிலோன் குடும்பம் பதிவு செய்யாமலே இருந்துவிட்டு, போன மாதம் இரவோடு இரவாக எங்கேயோ போய்விட்டார்கள். பதிவு செய்ததால்தானே தவமலர் தலைநிமிர்ந்து இங்கே இருக்கிறாள்?

வரும் தேதியை எழுது.

நீரஜா


லாஸ் ஏஞ்சல்ஸ்,
10 நவம்பர் 1991

அக்காவுக்கு நமஸ்காரம். எல்லோரும் நலம்.

தை மாதம் வர முடியாது. புது வேலை, லீவு கிடையாது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அடுத்த வருஷம் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே. அன்றைக்கு நீ எழுதிக் கொடுத்த படிவத்துக்கு நகல் வைத்திருக்கிறாயா? உன்னைத் தெரியும், வைத்திருப்பாய். அதில் என்னென்ன கேட்டார்கள், நீ என்ன எழுதினாய் என்று எனக்கு எழுது. எங்கே இருந்து வந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். திரும்பிப் போவதைப் பற்றி ஏதாவது கேட்டிருந்தார்களா?

கிருஷ்ணா


மயிலாப்பூர்,
26 டிசம்பர் 1991

சிரஞ்சீவி கிருஷ்ணாவுக்கு ஆசீர்வாதம். அம்மாவுக்கு மார்கழிக் குளிரில் இடுப்பு வலி கூடியிருக்கிறது. மற்றபடி சௌக்கியம். உங்கள் மூவரின் உடம்பையும் பார்த்துக்கொள்ளவும்.

உன் லீவு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். சரி என்றாள். பரத்வாஜுக்குச் சொல்லி அனுப்பு என்றாள்.

தவமலரும் தர்ஷினியும் இப்போது மாடியில் இல்லை. பதினெட்டாம் தேதி காலை ஒரு வேன் வந்தது. பதிவு செய்தவர்கள் எல்லோரையும் தற்காலிகமாக முகாமில் வைக்க உத்தரவாம். இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அரைப் பரீட்சையில் இரண்டு தாள் பாக்கி இருக்கிறது என்று தர்ஷினி சொன்னாள். முகாமிலும் பள்ளிக்கூடம் உண்டு பாப்பா என்று சொன்னார்கள். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். கபாலி மட்டும் வண்டியை விட்டு வந்து பெட்டியைத் தூக்கி ஏற்றினான்.

தவமலர் மாடிச் சாவியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. சாவி உன்னிடமே இருக்கட்டும், கொஞ்ச நாளில் திரும்பி வரப்போகிறவள்தானே என்றேன். அதைக் கேட்டு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இவரின்ட கடிதம் வந்தா உடைச்சு வாசியுங்கோ ரீச்சர், எனக்காகக் காத்திராதேங்கோ" என்றாள். அடுத்தவர் கடிதத்தை நான் பிரிப்பதில்லை என்று சொன்னேன்.

அம்மாவைக் குளிப்பாட்ட ஒரு ஆயா வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

கல்லூரியில் வேலை அதிகம். இத்துடன் நிறுத்துகிறேன்.

நீரஜா


முகாம்,
13.1.1992

அன்பான ரீச்சருக்கு, நானும் பிள்ளையும் சுகமாய் இருக்கிறம். நீங்களும் அம்மாவும் சுகமாய் இருக்கவேணுமெண்டு ஒவ்வொரு நாளும் கபாலீஸ்வரரைக் கும்பிடுறன். அம்மாவின்ட இடுப்புக்கு எண்ணெயைச் சூடாக்கித்தான் பூசவேணும். பச்சையாய்ப் பூசினா நோகும். ஆயாவிட்டச் சொல்லுங்கோ.

ரீச்சர், இங்க எல்லாரையும் திருப்பி அனுப்பப் போறதாய்க் கதைக்கினம். போன கிழமை ஒரு அலுவலர் வந்து பேர் கூப்பிட்டார். என்னுடைய முறை வர, நீங்கள் எழுதின படிவத்தைக் காட்டினார். தூரத்தில இருந்தே எனக்குத் தெரிஞ்சது, உங்களுடைய வடிவான எழுத்து. அதோட இன்னுமொரு ஆங்கிலப் பேப்பரைத் தந்து, இதில இருக்கிறதுதான் அதிலயும் இருக்கு, கீழே ஒப்பம் வையுங்கோ எண்டார். ரீச்சர் எழுதினதில பிழை இருக்காதெண்டு நான் வைச்சிட்டன். பிறகுதான் பக்கத்துக் கொட்டில்காரர் வாசிச்சுச் சொன்னவை, நான் விருப்பத்தோட போறன் எண்டு அதில இருக்காம்.

நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒருக்கா வந்து அவையளிட்டச் சொன்னால் கேப்பினம். உங்களில அவைக்கு மரியாதை. இருபதாம் தேதிக்கு முன்னம் வந்தால் நல்லது. கரைச்சல் தாறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளை உங்களைக் கேட்டதாய்ச் சொல்லச் சொல்லுது.

இப்படிக்கு,
தவமலர்


மயிலாப்பூர்,
2 பிப்ரவரி 1992

சிரஞ்சீவி கிருஷ்ணாவுக்கு. எல்லோரும் நலமா?

தவமலர் எனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி.

எழுதியது பதின்மூன்றாம் தேதி. பொங்கல் விடுமுறையில் முகாமிலேயே தங்கி, பதினெட்டாம் தேதி முத்திரை விழுந்து, இருபதாம் தேதி திங்கட்கிழமை மத்தியானம் எனக்கு வந்தது. வழக்கம்போல மூலையில் "வந்தது 20.1.92" என்று எழுதிய பிறகுதான் பிரித்துப் படித்தேன்.

மறுநாள் முதல் ரயிலில் போனேன். அவர்கள் இருந்த கொட்டில் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. முதல் நாள் விடியற்காலையே பஸ்ஸில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அலுவலரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தார். "உங்க கையெழுத்துதானே மேடம்? நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலை. போக விருப்பம்னு போன ஜூலையிலேயே எழுதியிருக்கே."

நீ நவம்பரில் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நகல் என் மேஜையில்தான் இருந்தது. உன் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

பதினான்காம் கேள்வி: தாய்நாடு திரும்ப விருப்பமா? தவமலரிடம் கேட்டேன். அவள், "ஆருக்கு ரீச்சர் தன்ர வீட்டுக்குப் போக விருப்பமில்லை? சண்டை ஓய்ஞ்சு, இவரும் வந்து சேர்ந்தா, போகத்தானே வேணும்" என்றாள். படிவத்தில் அதற்கு இருந்த இடம் ஒரு அங்குலம். நான் "ஆம்" என்று எழுதினேன். கேட்டதற்கு மட்டும் விடை. சண்டை ஓய்ந்தால் என்பது இல்லை, இவரும் வந்தால் என்பது இல்லை. ஓரத்தில் இடம் இருந்தது, கிருஷ்ணா. நான் ஓரத்தில் எழுதுகிற பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறவள்.

இதை எழுதியது நான்தான், அவள் சொன்னது வேறு என்று அந்த அலுவலரிடம் சொன்னேன். அப்படியா மேடம், அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்றார்.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு பெண் என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். அதில் மாடிச் சாவி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "ரீச்சர் எப்பிடியும் வருவா எண்டு சொன்னவ" என்றாள்.

அம்மாவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. அம்மா, "நீ படிச்சிருக்க வேண்டாம்டி" என்றாள்.

அங்கே அவர்கள் எந்த ஊரில் இறக்கிவிடப்பட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எழுத முகவரி இல்லை. அவள் எனக்கு எழுதினால்தான் உண்டு. எழுதுவாளா?

உன் சிநேகிதனைப் பற்றி நான் எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன். அவனிடம் ஏதாவது சொல்ல முடியுமானால் சொல்.

நீரஜா


மயிலாப்பூர்,
22 மார்ச் 1992

என் அருமைத் தம்பிக்கு ஆசீர்வாதம். ஸஹானாவுக்கும் ஷ்ரேயாவுக்கும் என் அன்பு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி நீ எழுதியது வந்தது. மூலையில் வந்த தேதி போடவில்லை. இரண்டு தரம் படித்தேன். பிறகு கிழித்து, சமையலறை அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பா இறந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் என் பீரோவில் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

அதில் இருந்ததை இங்கே திருப்பி எழுத மாட்டேன். யார் அந்தச் சிநேகிதன் என்று ஜூலையிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாயே. இருமல் எப்படி என்று நான்தானே அதற்கு முந்திய கடிதத்தில் கேட்டேன். புறப்பட்டால் திரும்ப நுழைய முடியாது, அங்கே ஷ்ரேயா இருக்கிறாள், புரிகிறது. வர வேண்டாம். அம்மாவிடம் லீவு இல்லை என்றே சொல்லி வருகிறேன். நான் பொய் சொல்லிப் பழகாதவள் என்பதால் அம்மா நம்புகிறாள். அல்லது நம்புகிறேன் என்று எனக்குக் காட்டுகிறாள்.

அப்பாவின் திதியைப் பரத்வாஜ் செய்து முடித்தான்.

இம்மாதம் ஐந்தாம் தேதி தவமலர் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. ராமேஸ்வரத்து முத்திரை. பிரித்தேன். கணவர் எழுதியது. பதினெட்டு மாதம் எங்கே இருந்தார் என்பதை இரண்டு வரியில் எழுதியிருந்தார், அதையும் நான் எழுதப்போவதில்லை. கரை சேர்ந்துவிட்டேன், முகாமில் பேர் கொடுக்காமல் வருகிறேன், முகவரித் தாள் கடலில் நனைந்துபோனாலும் மனப்பாடம், பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று இருந்தது.

கான்ஸ்டபிள் இன்னும் வாரம் ஒருமுறை வருகிறார். மாடி காலி என்று சொல்கிறேன். காலியாகத்தான் இருக்கிறது. கீழே படிக் கதவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், சாவி என் இடுப்பில். இலங்கையிலிருந்து தவமலர் எழுதினால் இந்த முகவரிக்குத்தான் எழுத வேண்டும். அதனால் தபால் வரும் நேரத்தில் இந்த வீட்டில் யாராவது இருந்தாக வேண்டியிருக்கிறது. தபால்காரர் மணி கேட்டால் பாதிப் படியில் காலடி நிற்கிறது. அதற்கு மேல் இறங்குவதில்லை.

போன வெள்ளிக்கிழமை இஸ்திரிக்குப் போட்ட துணியில் ஒரு ஆண் சட்டை இருந்ததைக் கபாலி பார்த்துவிட்டான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, அமெரிக்காத் தம்பி வந்துகீறாரா?" என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். ஆமாம், வந்திருக்கிறான் என்றேன். "அப்போ கஞ்சி போட்டே தேய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் சுயம்புலிங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். பிரயாணக் களைப்பு, தூங்குகிறான் என்றேன். இன்னும் எத்தனை நாளைக்குத் தூங்க வைக்க முடியும் என்று தெரியவில்லை. தமிழே மறந்துபோச்சு, பேசக் கூச்சப்படுகிறான் என்று அடுத்த தடவை சொல்லலாம் என்றிருக்கிறேன். அவர் நம்புவார். அமெரிக்கா போனவர்களைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புகிறார்.

நேற்று அம்மா கட்டிலில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டு, "கிருஷ்ணா சாப்டானா?" என்று கேட்டாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சாப்பிட்டான் அம்மா என்றேன். "தாராளமாப் போடு. கொழந்தையைப் பார்க்காம இளைச்சுப் போயிருப்பான்" என்றாள். உன்னைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

ஆகவே நீ இப்போது இந்த வீட்டில்தான் இருக்கிறாய், கிருஷ்ணா. அங்கிருந்து எழுதும்போது ஒன்றே ஒன்று நினைவில் வைத்துக்கொள். உறையின் மேல் உன் பேரை எழுதாதே.

அக்கா